டேங்க் 7, சேஸோன் டுபோன்: பழமே போடாத பீரில் பம்ப்ளிமாஸ் வாசம் எங்கிருந்து வருகிறது?

பொன்நுரை:
வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் இங்கே வாசிப்பதோடு சரி. நேற்று ராத்திரி ஒரு பாட்டில் குடித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

கான்சஸ் சிட்டியின் புலவார்ட் ப்ரூவரி போடும் டேங்க் 7. பண்ணை வீட்டு ஏல் என்ற பீர் வகை, ஆல்கஹால் 8.5 சதவீதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினேன். இளம் வைக்கோல் நிறம், லேசான மூட்டம். நுரை மூன்று விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. பாதி குடித்த பிறகும் கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் மடக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜில்லென்று ஒரு கசப்பு, அவ்வளவுதான். நடுவில் ஒரு போன் வந்தது, கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து முகர்ந்தால் பம்ப்ளிமாஸ்! அதுவும் சுளை இல்லை, தோல். நகத்தால் கீறும்போது கண்ணில் தெறிக்குமே, அந்த எண்ணெயின் வாசம். அதற்குப் பின்னால் பழுத்த பேரிக்காய். கடைசியில் தும்மல் வராத குறையாக வெள்ளை மிளகு.

இத்தனை பழ வாசம் வந்தால் நாக்கு இனிப்பை எதிர்பார்க்குமா இல்லையா? துளி இனிப்பு இல்லை. வாயைத் துடைத்துவிட்ட மாதிரி முடிகிறது. உடனே அடுத்த மடக்குக்குக் கை போகிறது.

லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பழம் என்று ஒரு சொல் இல்லை. அப்படியானால் இந்த வாசம் எங்கிருந்து வருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க பெல்ஜியத்தின் சேஸோன் டுபோன் ஒன்றும் (சேஸோன் என்பதும் பண்ணை வீட்டு ஏல்தான்) வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.

கசப்புக்கட்சி:
இதுல பெரிய ரகசியம் எதுவும் இல்ல நண்பரே. ஹாப்ஸ்தான், பீருக்குக் கசப்பும் வாசமும் தர்ற பூ. டேங்க் 7-ல அமரில்லோ ஹாப்ஸ் போடறாங்க. அமரில்லோன்னாலே ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ். வாஷிங்டன் மாநிலத்துல ஒரு ஹாப்ஸ் பண்ணையில தானா முளைச்சு நின்ன கொடி அது. வாசம் வித்தியாசமா இருக்கேன்னு தனியா எடுத்து வளர்த்தாங்க. ஹாப்ஸ் தூக்கலா போடற ஐபிஏ வகை பீர் நிறையவற்றுல இந்த வாசம் வரும். "பண்ணை வீடு"ன்னு பேர் வச்சா மட்டும் புதுசாயிடாது.

ஊறல்சட்டி:
கட்சிக்காரரே, பாதிதான் சரி. மீதிப் பாதி ஈஸ்ட். இதை நான் வீட்ல செஞ்சு பாத்துட்டே சொல்றேன்.

போன வருஷம் ஒரே கஞ்சியை ரெண்டு பங்கா பிரிச்சேன். (மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவச்ச தானியத்தை, வெந்நீர்ல ஊறவச்சு, வடிச்சு, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வச்ச இனிப்புத் தண்ணிதான் கஞ்சி. எங்க கூட்டத்துல அப்படித்தான் சொல்லுவோம்.) ரெண்டுலயும் அதே மால்ட், அதே ஹாப்ஸ். அந்த ஹாப்ஸும் இங்கிலாந்தோட கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ்தான், புல்லும் மண்ணும் மாதிரி அடக்கமா வாசம் வரும், சிட்ரஸ் பேச்சே கிடையாது. ஒரு பானையில சாதாரண அமெரிக்கன் ஏல் ஈஸ்ட், இன்னொண்ணுல சேஸோன் ஈஸ்ட் போட்டேன்.

மூணு வாரம் கழிச்சுத் திறந்தா, முதல் பானையில பிரெட் வாசம், கொஞ்சம் புல். ரெண்டாவதுல எலுமிச்சைத் தோலோட வெள்ளைப் பகுதி இருக்குல்ல, அந்தக் கசந்த வாசம். கூடவே மிளகு, பேரிக்காய். ஹாப்ஸ் ஒண்ணுதானே? அப்போ இந்த எலுமிச்சை எங்கிருந்து வந்துச்சு?

புதுக்கிளாஸ்:
ஒரு அடிப்படைச் சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். ஈஸ்ட் என்றால் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் விடும், அதுதான் எனக்குத் தெரியும். வாசமும் அதுவா தருகிறது?

இன்னொன்று. பழ வாசம் வரும் பீர் என்றதும் நான் இனிப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பொன்நுரை இனிப்பே இல்லை என்கிறார். எப்படி?

ஊறல்சட்டி:
தப்பா நினைக்க என்ன இருக்கு, நல்ல கேள்வி.

ஈஸ்ட் வேலை செய்யும்போது ஆல்கஹாலோட எஸ்டர்னு சில பொருளும் உண்டாகும். வாழைப்பழ வாசம் தர்ற ஐசோஅமைல் அசிட்டேட்டும் ஒரு எஸ்டர்தான், ஆப்பிள் வாசம் தர்ற எத்தில் ஹெக்ஸனோயேட்டும் ஒரு எஸ்டர்தான். நிஜ வாழைப்பழத்துல இருக்கிறதும் அதே ஐசோஅமைல் அசிட்டேட். அதனால "பழ வாசம் மாதிரி"ன்னு சொல்றதைவிட அந்தப் பழத்தோட வாசமேதான்னு சொல்லணும்.

மிளகு, கிராம்பு வாசம் வேற வழி. தானியத்தோட உமில ஃபெரூலிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. சேஸோன் ஈஸ்ட் அதை 4-வினைல் குவாயகோலா மாத்திடும். கிராம்பு நெடி அதுதான். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு அந்தத் திறமை கிடையாது, அதுக்கான மரபணு அதுங்கள்ல செயலிழந்து கிடக்கு.

இனிப்பு ஏன் இல்லைன்னு கேட்டீங்கல்ல, அங்கதான் சேஸோனோட உயிரே இருக்கு. தண்ணியோட அடர்த்தி 1.000. சாதாரண ஏல் பெரும்பாலும் 1.010-லருந்து 1.016-க்குள்ள எங்கயாவது நின்னுடும். மீதி இருக்கிறது ஈஸ்ட்டால திங்க முடியாத நீளமான சர்க்கரைச் சங்கிலி, அதுதான் வாயில கொழகொழன்னு ஒரு கனம் தரும். சேஸோன் ஈஸ்ட்ல பல வகை அந்தச் சங்கிலியையும் வெட்டித் தின்னுடும். டயாஸ்டாட்டிகஸ் வகைன்னு சொல்லுவாங்க, வெட்டுற நொதியை அதுவே வெளிய விடும். 1.002-லருந்து 1.008 வரைக்கும் இறங்கிடும். அதனால மூக்குல பழம் வீசும், வாயில சர்க்கரை இருக்காது.

நாவரசி:
ஊறல் அண்ணே, இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல, நன்றி.

இதுக்கு நாம என்ன சொல் வச்சிருக்கோம்னு ரொம்ப நாளா யோசிக்கிறேன். "டிரை"ங்கிறதை "வறண்ட பீர்"னு எழுதுறாங்க, எனக்கு அது ஒட்டவே இல்ல. தண்ணியா ஓடுற ஒண்ணை எப்படி வறண்டதுன்னு சொல்றது? நான் என் நோட்டுல "இனிப்பு அற்றது"ன்னு எழுதிக்கிறேன். அறுந்து போச்சுங்கிற அர்த்தமும் அதுல இருக்கு பாருங்க. மடக்கு முடியுற இடத்துல இனிப்பு படக்குனு அறுந்துடும்.

வாசத்துக்குத்தான் நம்மகிட்ட சொல்லுக்குப் பஞ்சமே இல்ல. மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம். ஒரு நல்ல சேஸோனை முகர்ந்தா இதுல குறைஞ்சது மூணு இருக்கும். மேல எலுமிச்சை மணம். கீழ மிளகு நெடி. அடியில் லேசா ஒரு வைக்கோல் வாடை. அந்த மூணும் ஒண்ணை ஒண்ணு மூடாம இருந்தா அது என் பீர்.

பொன்நுரை, டுபோனைத் திறக்கும்போது தயவுசெஞ்சு ஜில்லுனு குடிக்காதீங்க. டேங்க் 7-ல போன் வந்ததாலதான் உங்களுக்கு அந்த வாசமே கிடைச்சிருக்கு. 4 டிகிரில வாசம் எழும்பவே எழும்பாது, 10 டிகிரிக்குப் பக்கத்துல வரட்டும். வாய் கொஞ்சம் குறுகின, வயிறு பருத்த கிளாஸ் இருந்தா அதுல ஊத்துங்க. மேல பாதி காலியா விடுங்க, வாசம் வந்து நிக்க இடம் வேணும்.

பழையபீப்பாய்:
இளையவர்கள் பேசுவதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. டுபோன் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவைக்கிறேன். சில வருடங்களுக்கு முன், அந்த ப்ரூவரி இருக்கும் தூர்ப் கிராமத்துக்கு நேரில் போயிருக்கிறேன்.

பெல்ஜியத்தின் தெற்குப் பகுதி வலோனியா. பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் வட்டாரம். அதில் எனோ மாகாணம்தான் சேஸோனின் தாய்வீடு. தூர்ப் சின்ன ஊர், சுற்றிலும் வயல். ப்ரூவரி என்று தனியாக ஒரு தொழிற்சாலையைத் தேடினால் கிடைக்காது; செங்கல் கட்டிய பண்ணை வீட்டு முற்றத்துக்குள்தான் இருக்கிறது. 1844 முதல் அந்த இடத்தில் பீர் காய்ச்சுகிறார்கள். டுபோன் குடும்பத்தின் கைக்கு வந்தது 1920-ல். மகன் லூயி கனடாவுக்குப் போய் விவசாயம் பார்க்கத் துடித்தாராம். பிள்ளை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று அப்பா ஆல்ஃபிரட் இந்தப் பண்ணையையும் ப்ரூவரியையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரு தகப்பனின் ஆற்றாமைதான் இன்றைக்கு நம் கிளாஸில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழும்.

அங்கே செம்புக் கொப்பரைக்கு அடியில் நேரடித் தீ. மற்ற இடங்களில் பெரும்பாலும் நீராவியால் சூடேற்றுவார்கள். நேரடித் தீயில் கொப்பரையின் அடியில் கஞ்சி லேசாகக் கருகும், அதனால் ஒரு கனம் வரும் என்பார்கள். நொதிக்கும்போது சூட்டை 30 டிகிரிக்கு மேல் ஏற விடுகிறார்கள். மற்ற பெரும்பாலான ஏல்களை அந்தச் சூட்டில் விட்டால் சாராய நெடிதான் மிஞ்சும். இவர்களுடைய ஈஸ்ட்டுக்கு அந்தச் சூடுதான் பிடிக்கிறது.

சேஸோன் என்றால் பிரெஞ்சில் பருவம். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சினால் கெட்டுவிடும். குளிர்ந்த மாதங்களில் காய்ச்சி வைத்துக்கொண்டு, கோடையில் வயல் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்றைய சேஸோன் டுபோன் 6.5 சதவீதம். வெயிலில் அரிவாள் பிடிப்பவருக்கு அதைக் கொடுத்தால் வேலை நடக்காது. அன்று குடித்தது இதைவிட மிக லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கசப்புக்கட்சி:
பீப்பாய் ஐயா எழுதினதைப் படிச்சதும் சேஸோன் டுபோன் ஒண்ணு வாங்கிக் குடிச்சேன். நான் முதல்ல சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கிறேன். அதுல அமெரிக்க ஹாப்ஸ் எதுவும் இல்ல, ஆனாலும் எலுமிச்சை இருக்கு. அதை ஒத்துக்கிறேன்.

ஆனா ஒண்ணு. அந்தக் கிராம்பு எனக்கு ஆகவே இல்ல. மருந்துக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி. பல்லுக்கு வைப்பாங்களே ஒரு தைலம், அந்த நினைப்பு வந்துடுச்சு.

நாவரசி:
கிராம்பு பிடிக்கலைன்னா அது உங்க நாக்கு, அதுல வாதம் இல்ல. மருந்துங்கிற சொல்லைத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். கிராம்பு மாதிரி, பட்டை மாதிரி கதகதன்னு இருந்தா அது ஈஸ்ட் தந்தது, அப்படித்தான் இருக்கணும். காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி வாடை அடிச்சா அது வேற, அது குறை. காய்ச்சுற தண்ணியில் குளோரின் மிச்சம் இருந்தா அந்த வாடை வரும், குளோரோபீனால்னு பேரு. ரொம்ப ரொம்பக் கொஞ்சமா இருந்தாலும் மூக்கு கண்டுபிடிச்சிடும். உங்களுக்கு வந்தது எது?

கசப்புக்கட்சி:
மறுபடி முகர்ந்து பாத்தேன். பிளாஸ்திரி இல்ல, கிராம்புதான். கடைசி ரெண்டு இஞ்ச் வரும்போது கொஞ்சம் பழகிடுச்சு. இன்னும் பிடிக்கலை, ஆனா முதல் மடக்கு மாதிரி விரட்டல.

வடதிசை:
பண்ணை வீட்டு பீர் என்றால் எல்லோரும் பெல்ஜியத்தோடு நின்றுவிடுகிறோம், அதனால் ஒரு வார்த்தை. ஆரஞ்சு வாசம்தான் தேடுகிறீர்கள் என்றால் நார்வேக்கு வாருங்கள்.

மேற்கு நார்வேயின் பண்ணைகளில் க்வைக் என்ற ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே காத்துவந்திருக்கிறார்கள். துளையிட்ட மரக்கட்டையில், வளையமாகக் கோத்த மரத்துண்டுகளில் ஈஸ்ட்டை ஒட்டவைத்துக் காயப்போட்டு, அடுத்த முறை காய்ச்சும்வரை எடுத்து வைப்பார்கள். வோஸ் பகுதி க்வைக்கை 40 டிகிரிக்குப் பக்கத்தில் போட்டாலும் கோபிக்காது, இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். வாசம் ஆரஞ்சுத் தோல். சந்தேகத்துக்கு இடமில்லாத ஆரஞ்சு. அதோடு அங்கே ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகளைப் போட்டுச் சூடாக்கிய தண்ணீரில்தான் மால்ட்டை ஊறவைப்பார்கள், அதிலிருந்தும் ஒரு பச்சை வாசம் வரும்.

கசப்புக்கட்சி நண்பருக்கு முக்கியமான செய்தி: க்வைக்கில் கிராம்பு வராது. அந்த 4-வினைல் குவாயகோல் திறமை அதற்குக் கிடையாது. பழம் வேண்டும், மருந்துக்கடை வேண்டாம் என்றால் உங்கள் பீர் அதுதான்.

ஊறல்சட்டி:
வடதிசை சொல்றது முழுக்கச் சரி, நானும் வோஸ் போட்டிருக்கேன். ஆனா என் மனசு சேஸோன் பக்கம்தான் சாயுது. க்வைக் ஆரஞ்சு ஒரே சுருதியில நிக்கும். சேஸோன்ல எலுமிச்சை வந்து, பேரிக்காய் வந்து, மிளகுல முடியும். நடக்கும்.

சூடுன்னு பேச்சு வந்ததால என் கஷ்டத்தையும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். டுபோன் வகைன்னு விக்கிற ஈஸ்ட்டோட முதல் தடவை மல்லுக்கட்டினேன். 1.052-ல ஆரம்பிச்சேன். மூணு நாள் ஜோரா நுரைச்சுது. 1.035-ல நின்னுடுச்சு. ரெண்டு வாரம் அசையவே இல்ல. குடிச்சுப் பாத்தா சர்க்கரைத் தண்ணி, கூட மிளகு. மனசே உடைஞ்சுபோச்சு, கொட்டிடலாம்னு சிங்க் வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டேன்.

பழைய கை ஒருத்தர் தடுத்தாரு. "அந்த ஈஸ்ட் அப்படித்தான், 1.035-ல படுத்துக்கும், சூடு காட்டு, மேல இருக்கிற ஏர்லாக்கைக் கழட்டு"ன்னாரு. (வாயுவை வெளிய விட்டு, காத்தை உள்ள விடாத மூடிதான் ஏர்லாக்.) வாயு வெளிய போகத் தடை இருந்தா அந்த அழுத்தமே இதுக்கு ஆகாதுன்னு அவர் கணக்கு. ஏர்லாக்கை எடுத்துட்டு அலுமினியத் தாளைச் சும்மா மூடி, கம்பளி சுத்தி 32 டிகிரில வச்சேன். மறுநாள் காலையில காதை வச்சுக் கேட்டா உள்ள சிர்ருன்னு சத்தம். பத்து நாள்ல 1.004. அதுவரைக்கும் மிளகு வாசம் மட்டும் இருந்த பீர்ல இனிப்பு போனதும் எலுமிச்சை எழும்பி வந்துச்சு. இனிப்பு அதை அமுக்கி வச்சிருந்திருக்கு. அன்னைக்குத்தான் சேஸோன் எனக்குப் புரிஞ்சுது.

புதுக்கிளாஸ்:
நானும் ஒன்று வாங்கினேன். டுபோன் இல்லை, ஒரு சின்ன ப்ரூவரியின் "பண்ணை வீட்டு ஏல்". மூடியைத் தளர்த்தினதுதான் தாமதம், பாதி பாட்டில் மேசையில். நுரை நிற்கவே இல்லை. மீதியைக் குடித்தேன், எலுமிச்சை இருந்தது, ஆனால் ஊசி குத்துகிற மாதிரி வாயு. கெட்டுப்போன பீரா? புளிப்பாகவும் தோன்றியது.

ஊறல்சட்டி:
அடடா, முதல் பாட்டிலே இப்படி ஆயிடுச்சே. கெட்டுப்போனதுன்னு சொல்ல முடியாது, அவசரப்பட்டு பாட்டில்ல அடைச்சிருக்காங்க. நான் சொன்ன டயாஸ்டாட்டிகஸ் வேலை இது. சர்க்கரை முடிஞ்சிடுச்சுன்னு நம்பி அடைச்சா, அது உள்ள உக்காந்து மெதுவா அந்த நீளச் சங்கிலியையும் வெட்டித் தின்னுட்டே இருக்கும். வாயு ஏறும், போக வழி இல்ல. ரொம்ப மோசமானா பாட்டிலே வெடிக்கும், கண்ணாடி விஷயம். அதே பீர் இன்னொரு பாட்டில் இருந்தா உடனே குளிர்ல வைங்க, துணி போட்டு மூடித் திறங்க.

புளிப்பு பத்தி: வழக்கமான சேஸோன் புளிக்காது. வாயு அதிகமா இருந்தா அதுவே நாக்கைக் கிள்ளும், புளிப்பு மாதிரி தெரியும். ஒரு கிளாஸை நல்லா சுழட்டி வாயுவைப் போகவிட்டுக் குடிச்சுப் பாருங்க. அப்பவும் புளிச்சா அவங்க வேணும்னே புளிப்பு தர்ற லாக்டிக் பாக்டீரியா சேர்த்திருக்கலாம், இப்ப நிறைய பேர் செய்றாங்க.

பழையபீப்பாய்:
பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட்டையும் சிலர் சேர்ப்பது உண்டு. மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். அன்னாசி வாசமும் குதிரைக் கொட்டகை வாடையும் சேர்ந்து வந்தால் அது வந்திருக்கிறது என்று அறியலாம். எனக்கு அது பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. டுபோன் பெரும்பாலும் பச்சை பாட்டிலில் வரும். பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. ஹாப்ஸ் கசப்பின் மேல் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தக வாடை உண்டாகிவிடும், கருகிய ரப்பர் போல. கண்ணாடி அலமாரியில் விளக்குக்கு நேர் கீழே நின்ற பாட்டிலை நான் ஒருமுறை வாங்கி, எலுமிச்சைக்குப் பதில் அதைத்தான் முகர்ந்தேன். பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

கசப்புக்கட்சி:
பொன்நுரை கேட்ட கேள்விக்கு இன்னும் நேரா பதில் வரலை. டுபோன்ல எலுமிச்சை ஈஸ்ட்டால வருது, சரி. டேங்க் 7-ல இருக்கிற பம்ப்ளிமாஸ் ஹாப்ஸா ஈஸ்ட்டா?

ஊறல்சட்டி:
ரெண்டும் சேர்ந்துதான்னு நான் நம்புறேன். காரணம் இருக்கு. அமரில்லோல ஜெரானியால்னு ஒரு எண்ணெய் உண்டு, ரோஜா மாதிரி வாசம். நொதிக்கும்போது ஈஸ்ட் அதுல ஒரு பகுதியை சிட்ரோனெல்லாலா மாத்திடும், அது எலுமிச்சை, பச்சை நார்த்தங்காய் பக்கம். ஹாப்ஸ் கொடுத்ததை ஈஸ்ட் வாங்கி வேற ஆக்குது. லினலூல்னு இன்னொண்ணும் ஹாப்ஸ்ல இருக்கு, கொத்தமல்லி விதையில நிறைய இருக்கிறதும் அதேதான். பெல்ஜியத்துல கோதுமை பீர்ல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடறது சும்மா இல்ல.

நாவரசி:
ஒரு சோதனை சொல்றேன், பொன்நுரை செஞ்சு பாருங்க. ஒரு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் எடுத்துக்கோங்க. ரெண்டு பீரையும் ரெண்டு கிளாஸ்ல ஊத்தி, 10 டிகிரி வரட்டும். முதல்ல பீரை முகர்ந்து மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் தோலைக் கீறி ஒரு நிமிஷம் ஆழமா முகருங்க. மூக்கு அந்த வாசத்துக்குப் பழகி அலுத்துடும். உடனே பீருக்கு வாங்க. தோலுல இருக்கிற வாசம் பீர்ல மங்கிடும், அதுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கிறது மேல வரும். எந்த கிளாஸ்ல நிறைய மங்குதோ, அதுல தோல் எண்ணெய் மாதிரியான வாசம் அதிகம்னு அர்த்தம்.

மண்டியை முதல் கிளாஸ்ல சேர்க்காதீங்க. அடியில் படிஞ்ச ஈஸ்ட் விழுந்தா மாவு வாசம் வந்து குழப்பும். கடைசில வேணா சுழட்டி ஊத்திக்கலாம்.

பொன்நுரை:
செய்துவிட்டேன். இப்போது மேசையில் இரண்டு கிளாஸ், ஒரு கீறிய ஆரஞ்சு, ஒரு கீறிய எலுமிச்சை. கை முழுக்கத் தோல் எண்ணெய்.

முதலில் டுபோன் பற்றி. டேங்க் 7-ஐவிடக் கொஞ்சம் அடர்ந்த பொன் நிறம். நுரை இன்னும் முரட்டுத்தனமாக எழுந்தது, பாறை மாதிரி மேடும் பள்ளமுமாக. வாசத்தில் பழம் முதலில் வரவில்லை. வைக்கோலும் மிளகும்தான் வந்தன. பத்து நிமிடம் பொறுத்த பிறகு எலுமிச்சை. நாவரசி சொன்ன அந்த "அறுந்து போவது" டுபோனில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. டேங்க் 7-ல் கடைசியில் ஒரு மெல்லிய தேன் நூல் மாதிரி ஏதோ இருந்திருக்கிறது. பக்கத்தில் வைத்துக் குடித்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் தோல். ஒரு நிமிடம் ஆரஞ்சு, ஒரு நிமிடம் எலுமிச்சை, மாற்றி மாற்றி முகர்ந்தேன். உடனே டேங்க் 7-ஐ எடுத்தேன். பம்ப்ளிமாஸ் போய்விட்டது! முழுக்கப் போகவில்லை, கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. அதன் இடத்தில் பேரிக்காயும் வெள்ளை மிளகும் பளிச்சென்று முன்னால் வந்து நின்றன. இது வேறு பீரோ என்று ஒரு கணம் திகைத்தேன்.

மறுபடி தோல், மறுபடி ஒரு நிமிடம், பிறகு டுபோன். எலுமிச்சை கொஞ்சம்தான் மங்கியது. பெரும்பகுதி அப்படியே இருந்தது.

அப்படியானால் கசப்புக்கட்சி முதலில் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஊறல்சட்டி சொன்னதிலும் இருக்கிறது. டேங்க் 7-ன் பம்ப்ளிமாஸ் தோல் எண்ணெயின் உறவுக்காரன், ஹாப்ஸ் வழியாக வந்தவன். டுபோனின் எலுமிச்சை வேறு வம்சம். என் ஒரு மூக்கை வைத்துச் சொல்கிறேன், மற்றவர்களும் செய்து பார்த்து எழுதுங்கள்.

என் மனைவிக்கு எதுவும் சொல்லாமல் இரண்டு கிளாஸையும் கண்ணை மூடி முகரச் சொன்னேன். டேங்க் 7-க்கு "ஆரஞ்சு உரிச்ச கை" என்றாள். டுபோனை நீண்ட நேரம் முகர்ந்துவிட்டு, "மழை வர்றதுக்கு முன்னாடி வைக்கோல் போர் பக்கத்துல நின்னு எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி" என்றாள். என் குறிப்பேட்டில் நான் எழுதிய அரைப் பக்கத்தை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன்.

நாவரசி:
அக்காவை இங்க எழுதச் சொல்லுங்க!

கசப்புக்கட்சி:
நாளைக்கே ஆரஞ்சு வாங்கறேன். கிராம்பை மங்க வைக்கக் கிராம்பையே ஒரு நிமிஷம் முகர்ந்துட்டு டுபோன் குடிச்சா என்ன ஆகும்? வேலை செஞ்சா எனக்கு ஒரு வழி பிறக்கும்.

ஊறல்சட்டி:
வேலை செய்யணும், முழுசா இல்லாட்டியும். கிராம்புல இருக்கிறது யூஜெனால், பீர்ல இருக்கிறது 4-வினைல் குவாயகோல், ரெண்டும் பங்காளிங்க. ரெண்டு கிராம்பை நசுக்கி முகர்ந்துட்டுக் குடிச்சுப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க, நானும் இன்னைக்கு ராத்திரி என் சேஸோன்ல செய்றேன்.

பொன்நுரை:
டுபோன் பாட்டிலில் இன்னும் ஒரு கால் கிளாஸ் இருக்கிறது. இப்போது மண்டியைச் சுழற்றி ஊற்றினேன். மூட்டமாக, பால் கலந்த மாதிரி வந்தது. மாவு வாசம் வருகிறது, நாவரசி சொன்னபடி. ஆனால் வாயில் கனம் கூடி, எலுமிச்சை இன்னும் கொஞ்ச நேரம் தங்குகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.